மதிலில் விட்ட பொட்டு

எங்கள் வீட்டு முன்னறையில், ஜன்னலுக்குக் கீழே இருக்கிற ஹீட்டரின் மேல் ஒரு சோடி தோல் கிளவுஸ் கிடக்கிறது. வருகிறவர்கள் அதைக் குளிருக்குப் போடுகிற கிளவுஸ் என்று நினைப்பார்கள். இல்லை. அது கல்லுத் தூக்குகிற கிளவுஸ். வலது கையில் பெருவிரலும் சுட்டுவிரலும் தேய்ந்து, தோல் வெளிறி, இன்னும் கொஞ்சம் உரஞ்சினால் ஓட்டை விழும் என்கிற அளவில் நிற்கிறது. கழற்றின அன்றைக்கு அது மழையில் ஊறிப்போய் இருந்தது. வீட்டுக்கு வந்து, காயட்டும் என்று ஹீட்டரில் போட்டார். காய்ந்ததும் தோல் விறைத்து, விரல்கள் மடிந்தது மடிந்தபடியே நின்றுவிட்டன. தூசி தட்டுவேன். தட்டிவிட்டுத் திரும்ப அந்த இடத்திலேயே வைப்பேன். வேறு இடத்தில் வைக்க இதுவரைக்கும் எனக்கு மனம் வரவில்லை.

அது என் மனுசனுடையது. பெயர் சொல்லிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை, அதனால் இங்கேயும் இவர் என்றே எழுதுகிறேன். யாழ்ப்பாணத்தில் கந்தோரில், அதாவது ஒபிஸில், கிளாக்கராக இருந்தவர். வெளிநாட்டுக்கு, இல்ஃபோர்ட்டுக்கு வந்த பிறகு பெற்றோல் செட்டில் கண்ணாடிக்குப் பின்னால் நின்று வேலை செய்தார். அங்கேயும் சட்டைப்பையில் பேனை இல்லாமல் போகமாட்டார். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். ஆஸ்பத்திரிச் சலவையில் கட்டில் விரிப்பு மடித்தேன். தமிழ் எழுத்துக் கூட்டி எழுதுவேன், இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஆனால் ஒருவரிடமும் கைநீட்டாமல், ஒருவருக்கும் தலைகுனியாமல் ஒரு பெண்பிள்ளையை வளர்த்து நேர்ஸ் ஆக்கினோம். அதைச் சொல்ல எனக்கு ஒரு கூச்சமும் இல்லை.

பிள்ளை இரண்டு வயதில் இங்கே வந்தவள். ஊர் அவளுக்குத் தெரியாது. தமிழ் பேசுவாள், எழுதமாட்டாள். படித்து முடித்து ஸ்கொட்லாந்துக்கு வேலைக்குப் போனாள். இங்கே விம்பிள்டனில் ஒரு நல்ல குடும்பத்தோடு இவர் அவளுக்குக் கலியாணம் பேசி முற்றாக்கி, வார்த்தையும் கொடுத்துவிட்டு இருக்கிற நேரத்தில்தான் அவளிடமிருந்து போன் வந்தது. அங்கே ஒரு தீவில் ஆடு வளர்க்கிற வெள்ளைக்காரப் பெடியனோடு கலியாண எழுத்து முடிந்துவிட்டது என்று சொன்னாள். இவர் கத்தவில்லை. கத்துகிற ஆள் இல்லை. போனைக் காதில் வைத்து முழுக்கக் கேட்டார். பிறகு, கந்தோரில் யாருக்கோ பதில் சொல்லுகிற குரலில் சொன்னார்:

"நீ இந்த வாசல் மிதிக்கவேண்டாம். நானும் உன்ர வாசல் மிதிக்கமாட்டன்."

அவ்வளவுதான். பிறகும் அவள் போன் எடுத்துக்கொண்டு இருந்தாள். அவளுடைய குரல் என்றால் இவர் போனை என்னிடம் நீட்டுவார், நான் வைத்துவிடுவேன். மனுசன் பேசாத ஆளோடு பெண்சாதி ஒளித்துப் பேசுகிற குடும்பம் எங்களுடையது இல்லை. அதை இன்றைக்கும் அப்படித்தான் சொல்லுவேன். கொஞ்சம் கொஞ்சமாக அவள் எடுக்கிறது குறைந்து, நின்றுபோனது. வீட்டில் அவளுடைய படம் சுவரிலேயே இருந்தது. கழற்றச் சொல்லி இவரும் சொல்லவில்லை, நானும் கழற்றவில்லை. ஆனால் அவளுடைய பெயர் மட்டும் இந்த வீட்டுக்குள் யாருடைய வாயிலிருந்தும் வரவில்லை.

சில வருசம் அப்படியே போனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து எல்லாரும் எழும்புகிற நேரம், சுவாமியார் ஒரு அறிவித்தல் வாசித்தார். தூரத்துத் தீவு ஒன்றில் பழைய கல்மதில்கள் விழுந்து கிடக்கின்றன, அதைத் திரும்பக் கட்ட ஒரு கிழமை, ஏழு நாளும், வந்து நிற்கத் தொண்டர்கள் வேண்டும், சாப்பாடும் படுக்கையும் அங்கேயே என்று. தீவின் பெயரையும் சொன்னார். இவருடைய கை செபமாலையில் நின்றது. நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் கண்டார். வீட்டுக்கு வந்து சப்பாத்துக் கழற்றும்போது சொன்னார், "சும்மா ஒரு கிழமை போயிட்டு வருவம். அங்கத்தைக் காத்து நெஞ்சுக்கு நல்லமாம்."

"உங்களுக்குக் கல்லுத் தூக்க ஏலுமோ?" என்றேன்.

"கொழும்பு பைல் கட்டெல்லாம் தூக்கினனான்," என்றார்.

கோயிலில் இந்தக் கதை பரவி, "கிளாக்கர் ஐயா மதில் கட்டப் போறாராம், சீமெந்துக்கு எங்க போறாரோ" என்று சிரித்தார்கள். இவரும் சேர்ந்து சிரித்தார். ஏன் போகிறோம் என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. மகள் வீட்டுக்குப் போகமாட்டேன் என்றுதான் சொன்னவர். மகளுடைய தீவுக்கு மதில் கட்டப் போகமாட்டேன் என்று சொல்லவில்லையே. நாற்பது வருசம் அவரோடு இருந்த எனக்கு அது விளங்காதா?

நாள் முழுக்க ரயில், பிறகு பஸ், பிறகு கப்பல். மரமே இல்லாத தீவு. காற்று ஆளைத் தள்ளும். பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் தங்கினோம். எங்களோடு வந்தவர்கள் எல்லாரும் பென்சன் எடுத்த வெள்ளைக்காரர்கள், நல்ல மனிதர்கள். வேலை காட்டித் தருகிறவள் சிவந்த முகமும் ஆம்பிளைக் குரலும் உள்ள ஒரு மனுசி. மதில்காரி என்று நாங்கள் எங்களுக்குள் பெயர் வைத்தோம். சீமெந்தும் இல்லை, மண்ணும் இல்லை. கல்லுக்கு மேல் கல்லு, நடுவில் சின்னக் கல்லுப் போட்டு இறுக்குகிறது. அவ்வளவுதான் வேலை. அவள் ஒரே ஒரு விசயத்தில் கண்டிப்பு. எடுத்த கல்லைத் திரும்பக் கீழே வைக்கக் கூடாது, அதற்கு மதிலில் ஒரு இடம் தேடியே ஆகவேண்டும் என்பாள். இவர் அதை எனக்குத் தமிழில் சொன்னபோது நான் சொன்னேன், "உங்களுக்கு அதைப் படிப்பிக்கத் தேவையில்லை." முறைத்தார். ஆனால் அடுத்த கல்லைத் தூக்கும்போது சிரிப்பு வந்ததைக் கண்டேன்.

உண்மையைச் சொன்னால் இவர் மதில் கட்டத் தெரிந்த ஆள் இல்லை. ஒரு கல்லை மூன்று பக்கமும் திருப்பிப் பார்த்து, கடைசியில் பிழையான பக்கத்தை வைப்பார். மதில்காரி பின்னால் வந்து சத்தமில்லாமல் சரிசெய்துவிட்டுப் போவாள். ஆனால் விடமாட்டார். எங்களுக்குத் தந்த துண்டு மலைச்சரிவில் இருந்தது. மதிலுக்கு இந்தப்பக்கம் மலை, அந்தப்பக்கம் ஒரு புல்லுக் காணி. காணியின் அடியில் ஒரு வெள்ளை வீடு, நீலக் கதவு. யாருடைய வீடு என்று ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. கொடியில் உடுப்புக் காய்ந்தது. நேர்ஸ் போடுகிற நீலச் சட்டை. ஆம்பிளைக் களிசான். அதற்குப் பக்கத்தில், காற்றில் தலைகீழாகத் துள்ளிக்கொண்டு, ஒரு சின்னக் குழந்தைச் சட்டை.

இவர் ஒரு கல்லைக் கையில் வைத்துக்கொண்டு அதையே பார்த்தார். நானும் பார்த்தேன். எங்களுக்குப் பேரப்பிள்ளை ஒன்று இருக்கிறது என்று அந்தக் கொடிதான் எங்களுக்குச் சொன்னது.

அடுத்த நாள் அவள் மேலே வந்தாள். சின்னத் தீவில் யாருக்கு என்ன தெரியாது? எல்லாருக்கும் என்று தேத்தண்ணிப் பிளாஸ்கும் கேக்கும் கொண்டுவந்து மதிலின் மேல் வைத்தாள். மெலிந்திருந்தாள். தலைமயிரைக் கட்டையாக வெட்டியிருந்தாள். எல்லாருக்கும் ஊற்றிக் கொடுத்துவிட்டு, எங்கள் துண்டுக்கு அந்தப்பக்கம் வந்து நின்றாள். நெஞ்சு உயர மதில், அவ்வளவுதான் இடையில்.

"அப்பா," என்றாள்.

இவர் குனிந்து கல்லுப் பொறுக்கிக்கொண்டே என்னிடம், "இஞ்சேரும், அந்தச் சப்பட்டைக் கல்லை எடும்," என்றார். நான் எடுத்துக் கொடுத்தேன்.  அவள் பிளாஸ்கையும் எடுக்காமல் இறங்கிப் போய்விட்டாள். இவர் அன்றைக்குக் கேக்கும் தொடவில்லை, இரவுச் சாப்பாடும் தொடவில்லை.

நாங்கள் வெளிக்கிடுகிறதுக்கு முதல் நாள், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், இவர் கட்டின மதிலிலேயே ஒரு இடத்தில் கல்லுகளைக் கழற்றத் தொடங்கினார். எனக்குப் பயம் வந்தது. "என்னப்பா செய்யிறீங்கள்?" என்றேன்.  அடியில் ஒரு ஆள் குனிந்து போகிற அளவுக்குத் திறந்தார். ஒரு நீளக் கல்லை இரண்டு பேரும் மூச்சு வாங்கத் தூக்கி அதற்கு மேல் குறுக்கே வைத்தோம். அதற்கு மேல் திரும்பவும் மதிலை அடுக்கினார். அடுக்கி முடித்து, கிளவுசைத் தட்டிவிட்டு, "பொட்டு," என்றார்.

ஊர் தெரியாத பிள்ளைகள் வாசித்தால் விளங்காது என்பதால் சொல்லுகிறேன். நெற்றியில் வைக்கிற பொட்டு இல்லை. எங்கள் பக்கத்தில் இரண்டு வீட்டு வளவுக்கு நடுவில் இருக்கிற வேலியில், ஆள் குனிந்து போய்வர ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். அதற்குப் பெயர் பொட்டு. கறி அந்தப்பக்கம் போவதும், பிள்ளைகள் இந்தப்பக்கம் வருவதும், பெண்டுகள் கதை பேசுவதும் அதற்குள்ளால்தான். முன்பக்கக் கேற்றால் வருகிறவர் விருந்தாளி. பொட்டுக்குள்ளால் வருகிறவர் சொந்தம். இரண்டு வீட்டுக்கும் கோபம் வந்தால், ஒரு வார்த்தையும் பேசாமல் முதலில் செய்கிற வேலை அந்தப் பொட்டை அடைக்கிறதுதான். "அவை பொட்டை அடைச்சுப்போட்டினம்" என்றால் ஒழுங்கையில் எல்லாருக்கும் விளங்கும், இனி நன்மைக்கும் இல்லை தீமைக்கும் இல்லை என்று.

"வாசல் மிதிக்கமாட்டன் எண்டுதானே சொன்னனான்," என்றார் இவர், என்னைப் பார்க்காமல். "இது வாசல் இல்லை."

வாக்கையும் மீறாமல், மகளையும் விடாமல், அந்த மனிதர் கண்டுபிடித்த வழி அது. நான் கேட்டேன், "அவளுக்கு விளங்குமோ?"

"எங்கட பிள்ளைக்கு விளங்காமப் போகுமோ?" என்றார்.

அந்த ஒரு வருசம் அவர் இருந்த இருப்பை நான் மறக்கமாட்டேன். தனக்கு நல்ல சப்பாத்து வாங்கினார். முழங்காலுக்கு எண்ணெய் போடச் சொன்னார். ஏன் என்று கேட்டால், "பொட்டுக்குள்ள குனிய முழங்கால் வேணுமெல்லே," என்பார். நான் பயத்தம் பணியாரம் சுட்டுப் பிஸ்கட் வந்த தகர ரின்னில் அடுக்கினேன், பிள்ளைக்குச் சின்ன வயதிலிருந்தே அதில் ஆசை. இவர் இல்ஃபோர்ட் கடையில் ஒரு சிவப்புக் கம்பளித் தொப்பி வாங்கிவந்து, ஆண்பிள்ளையோ பெண்பிள்ளையோ தெரியாது, சிவப்பு இரண்டுக்கும் சரி என்று சொல்லி ரின்னுக்கு மேல் வைத்துக் கட்டினார். அவளுடைய பெயரை அப்போதும் சொல்லவில்லை. ஆனால் பாட்டு முணுமுணுத்தார்.

அடுத்த கோடையில் கப்பல் கரையில் தட்டின உடனே, பெட்டியைப் பள்ளிக்கூட வாசலில் வைத்துவிட்டு, மழையில் நேரே மலைக்கு ஏறினார். கிளவுசைப் போட்டுக்கொண்டார். ரின்னைக் கையிடுக்கில் வைத்திருந்தார். நான் பின்னால் இழுபட்டுப் போனேன். நான் போய்ச் சேரும்போது இவர் மதிலுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

பொட்டு இல்லை. அந்த இடத்தில் மதில் நிலத்திலிருந்து மேல் வரைக்கும் நேராக, இறுக்கமாக, இவர் கட்டினதைவிட எத்தனையோ திறமாக அடைக்கப்பட்டிருந்தது. புதுக் கல்லுகளில் பாசி பிடிக்கவில்லை. அதனால் அந்த இடம் மட்டும் தனியாகத் தெரிந்தது. இவர் கிளவுஸ் போட்ட கையை அந்தக் கல்லுகளில் வைத்தார். தள்ளிப் பார்த்தார். அசையவில்லை. கீழே வீட்டுப் புகைக்கூட்டில் புகை வந்தது. உள்ளே ஆட்கள் இருந்தார்கள்.

"பதில் சொல்லிப்போட்டாள்," என்றார். "சரி."

அவருடைய அந்தச் "சரி"யைப் போல ஒரு சத்தத்தை நான் அதற்கு முதலும் கேட்டதில்லை, பிறகும் கேட்டதில்லை. இவர் ஒருவரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் ரோசம் வந்தது, மறைக்கமாட்டேன். பெற்ற தகப்பன் குனிந்து வர வழி வைத்தால் அதைக் கல்லுப் போட்டு அடைக்கிறாளா என்றுதான் நினைத்தேன். விடிய முதல் கப்பலில் வெளிக்கிட்டுவிட்டோம். பணியார ரின்னைப் பள்ளிக்கூட மேசையில் விட்டுவிட்டு வந்தோம். நாங்கள் பெட்டி கட்டுகிற நேரத்திலேயே தொண்டர்கள் திறந்து சாப்பிட்டு, நல்லாயிருக்கிறது என்று எனக்குக் கையைக் காட்டினார்கள். நானும் தலையாட்டினேன். தொப்பி இவருடைய கோட்டுப் பையில் வந்தது.

வீட்டுக்கு வந்து கிளவுசை ஹீட்டரில் போட்டதுதான், பிறகு அதைத் தொடவில்லை. சட்டைப்பையில் பேனை குத்துகிறதையும் விட்டார். ஜன்னலுக்குப் பக்கத்தில் இருந்து றோட்டைப் பார்ப்பார். அடுத்த பனிக்காலத்துக்குப் பிறகு படுக்கையில் விழுந்தார். பிள்ளைக்குச் சொல்லட்டோ என்று ஆஸ்பத்திரியில் ஒருமுறை கேட்டேன். சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு, "அடைச்சது அடைச்சதுதான்," என்றார். சரியாக அந்தச் சொல்லோடுதான் போனார் என்று சொல்லமாட்டேன். பிறகு தண்ணீர் கேட்டார். ஆனால் அவளைப் பற்றிச் சொன்ன கடைசிச் சொல் அதுதான்.

அடக்கத்துக்கு அவள் வந்தாள். கோயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். மருமகன் வந்தான், கறுப்புக் கோட்டு, பெரிய சிவந்த கைகள். பெண்பிள்ளை ஒன்று அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு வந்தது. சவக்காலையில் நான் அவளோடு பேசவில்லை. எல்லாரும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போன பிறகு, குசினியில் அவள் கோப்பை கழுவிக்கொண்டு நின்றாள். நான் மனதில் வைத்திருந்தது வாயில் வந்துவிட்டது.

"ஏன் பிள்ளை அந்தப் பொட்டை அடைச்சனீ?"

"என்ன பொட்டு?" என்றாள்.

நடிக்கிறாள் என்று நினைத்தேன். "கொப்பர் உனக்கு வைச்ச பொட்டு. மதிலில. உன்ர காணிப் பக்கம்."

கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தாள். பிறகு புருசனைக் கூப்பிட்டு இங்கிலீஷில் கேட்டாள். அவன் கையால் காட்டிக் காட்டி ஏதோ சொன்னான். சொல்லச் சொல்ல அவளுடைய முகம் மாறியது. பிறகு தமிழில் சொல் தேடித் தேடி எனக்குச் சொன்னாள்.

"அது விழுந்துபோச்சு அம்மா. அந்த வின்டர் காத்தில. அடியில ஓட்டையா இருந்ததால மேல் கல்லெல்லாம் சரிஞ்சு கொட்டுண்டு கிடந்தது. அப்பா கட்டினதில அந்த இடம் மட்டும் பிழைச்சுப்போச்சு எண்டு நினைச்சம். திரும்ப வந்து பார்த்தா அவருக்கு மனம் நோகும் எண்டு, நீங்கள் திரும்பவும் பேர் குடுத்திருக்கிறீங்கள் எண்டு கேள்விப்பட்டு, நீங்கள் வாறதுக்கு முதல் கட்டி முடிக்கச் சொல்லி நான்தான் மதில் கட்டுற அன்ரியைக் கேட்டனான். நானும் கல்லுத் தூக்கிக் குடுத்தனான். நல்ல வடிவாக் கட்டுங்கோ, அப்பா பார்த்தா சந்தோசப்படவேணும் எண்டு சொன்னனான்."

 அவள் இன்னும் சொன்னாள். நாங்கள் வந்து இறங்கினது அவளுக்குத் தெரியுமாம். அன்றைக்கு மழை, அடுத்த நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு மேலே வருகிறதாக இருந்தாளாம். விடிய எழும்பிப் பார்த்தால் கப்பல் போய்க்கொண்டிருந்ததாம்.

"எனக்கு ஒருத்தரும் பொட்டு எண்டு சொல்லித் தரேல்லையே அம்மா," என்றாள். கோப்பையைத் திரும்பவும் கழுவத் தொடங்கினாள். கழுவின கோப்பையைத்தான்.

அவர் இருக்கும்போது இது தெரிந்திருந்தால் என்று நான் நினைக்காத நாள் இல்லை. நினைத்து என்ன? மகள் தகப்பனுக்காகத் தூக்கின ஒவ்வொரு கல்லும் தகப்பனுடைய நெஞ்சில் போய் இருந்துவிட்டது. அன்பாகத்தான் தூக்கினாள், அன்பாகத்தான் அடுக்கினார்கள். ஒருவரிலும் பிழை பிடிக்க முடியாது. பிழை பிடிக்க ஒரு ஆள் இருந்தாலாவது எனக்கு ஆறுதலாக இருக்கும்.

தீவுக்குத் திரும்பிப் போனதும் அவள் அதே இடத்தில் கல்லுகளைக் கழற்றி, மதில்காரியிடம் கேட்டு, இந்த முறை காற்றுக்கு விழாதபடி ஒரு பொட்டு வைத்திருக்கிறாள். போனில் படம் வந்தது. பொட்டுக்குள்ளால் மலைப் புல்லுத் தெரிகிறது. அதற்குள்ளால் ஆடுகள் வந்து புருசனுடைய காணியை மேய்கின்றனவாம், அவன் ஒன்றும் சொல்கிறதில்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பாள். சாப்பிட்டனீங்களோ என்பாள். ஓம் என்பேன். வாங்கோ அம்மா, முன்வாசலால வாங்கோ, கதவு திறந்துதான் கிடக்கும் என்பாள். இவர் மிதிக்காத வாசலை நான் எப்படி மிதிக்கிறது? பொட்டுக்குள்ளால் போகலாம். அதற்குக் குனிய என் முழங்காலால் இனி ஏலாது. பார்ப்பம் என்று சொல்லிப் போனை வைப்பேன். அடக்கத்துக்கு வந்த அன்றைக்கே சிவப்புத் தொப்பியைப் பேத்தியிடம் கொடுத்துப் பார்த்தோம். தலை பெரிதாகிவிட்டது, போகவில்லை.

இன்றைக்கும் காலையில் தூசி தட்டினேன். ஹீட்டர் நிற்பாட்டிக் கன நாள், வெயில் காலம். கிளவுஸ் இரண்டும் அதன்மேல் மல்லாந்து கிடக்கின்றன. விரல்கள் மடிந்து நிற்கிற இடத்தில் ஒரு கல்லுக்கு அளவான வெறும் இடம் இருக்கிறது. ஒருநாள் விரல்களை நிமிர்த்திப் பார்த்தேன். தோல் வெடிக்கப் பார்த்தது. விட்டுவிட்டேன். எடுத்த கல்லைக் கீழே வைக்கத் தெரியாத கை அது. அப்படியே இருக்கட்டும்.